கேளாத கடன்

வெர்னா அந்தப் பண்ணைப் பள்ளிக்குத் தர வேண்டிய பாக்கி நாலாயிரத்து எழுநூற்றுப் பதினைந்து டாலர். மார்ச் மாதத்திலிருந்து அதை யாரும் கேட்கவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் தெரியும். வீட்டுக்காரன் கேட்கிறான், ட்ரக்குக்குக் கடன் கொடுத்த பேங்க் கேட்கிறது, பல் டாக்டர் கேட்கிறார். ஆளுக்கொரு வெள்ளிக்கிழமையைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் குடித்தனம் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. பாராத பயிரும் கேளாத கடனும் பாழ் என்பது, மாட்டையும் புல்லையும் வைத்துப் பிழைக்கிற, அந்தப் பள்ளியை நடத்துகிற ஹார்லன் க்விஸ்டுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறான் என்றால் என்ன அர்த்தம்?

குளிர்காலத்தில் வெர்னாவுக்குப் பீட்ரூட் சர்க்கரை ஆலையில் வேலை. வசந்தம் வந்து ஆலை ஓய்ந்ததும் பில்லிங்ஸ் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் அறை துடைக்கிற வேலை. கூட வேலை செய்யும் டார்லீன், படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்:

"வாசல்ல வந்து நின்னு கத்தறவன் நல்லவன்டி. கத்தாம இருக்கான் பாரு, அவன் வேற எங்கயோ வசூல் பண்ணிட்டிருக்கான்."

"வசூல் பண்ண என்கிட்ட என்ன இருக்கு?"

"உன்கிட்ட இல்ல. அவன்கிட்ட ஒண்ணு இருக்கே. பதினாறு வயசுல, உன்னைவிட உசரமா."

வெர்னா தலையணையைப் போட்டுக் குத்தினாள்.

மகன் கெண்டல் அங்கே போனது ஆசைப்பட்டல்ல. மாத்திரைப் பழக்கம், அந்தப் போதையில் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் ட்ரக்கை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் இறக்கிவிட்டான். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அடுத்த வருஷம் செப்டம்பர் வரைக்கும் க்விஸ்ட் பண்ணையில இருந்து ஒழுங்கா முடிச்சா கேஸை மூடிடறேன். நடுவுல வெளிய வந்தா சிறுவர் ஜெயில்" என்றார். குதிரையோடும் மாட்டோடும் பழகினால் கெட்டுப்போன பிள்ளைக்குக் குணம் திரும்பும் என்பது இந்த மொன்டானாப் பக்கத்து நம்பிக்கை. கிறிஸ்துமஸ் வரைக்கும் கட்டணத்தைச் சர்ச்சில் கொடுத்தார்கள். அப்புறம் சர்ச்சுக்கும் கை வறண்டது. ஜனவரியில் வெர்னா கொஞ்சம் கட்டினாள், பிப்ரவரியில் இன்னும் கொஞ்சம். பிறகு ஒன்றுமில்லை.

கட்டணம் கட்டாத பிள்ளையைத் திருப்பி அனுப்பலாம் என்று சேர்க்கும்போதே அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். க்விஸ்ட் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கெண்டல் வெளியே. வெளியே என்றால் ஜெயில். அந்த ஒரு வார்த்தையை அந்த ஆள் வாயிலேயே அடக்கி வைத்திருக்கிறான். எதற்கு?

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் போனில் பேசுவான். பேசும்போது அறையில் வேறு யாரோ இருப்பது அவளுக்குக் கேட்கும். நாற்காலி நகரும், யாரோ இருமுவார்கள். போன வாரம் அவள், "ஒழுங்கா சாப்பிடறியாடா?" என்று கேட்டதற்கு, "சாப்பிடறேங்க மேடம்" என்றான்.

பெற்ற அம்மாவை மேடம் என்றான். "போம்மா, நச்சரிக்காத" என்று பதினாறு வருஷம் சொன்ன வாய் அது. எதை வைத்து அடித்தால் ஒரு பிள்ளையின் வாய் இப்படி மாறும் என்று யோசித்தபடி அவள் அன்று இரவு முழுக்கப் புரண்டாள். இப்படிப்பட்ட பள்ளிகளில் பிள்ளைகளைப் பட்டினி போட்டதும் பள்ளம் தோண்ட விட்டதும் அவ்வப்போது செய்தியில் வரத்தானே செய்கிறது.

சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் ட்ரக்கை எடுத்தாள். வருவதாக இருந்தால் முன்கூட்டியே போன் செய்ய வேண்டும் என்பது பள்ளியின் விதி. அதனாலேயே செய்யவில்லை.

பண்ணையில் ஈ காக்கை இல்லை. நாய் ஒன்று எழுந்து வந்து மோந்து பார்த்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டது. பிள்ளைகள் தூங்கும் நீளக் கொட்டகையில் எட்டிப் பார்த்தாள். போர்வையெல்லாம் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. அந்த வேலையைச் செய்துதான் அவள் சம்பளம் வாங்குகிறாள். அவளே அத்தனை சுத்தமாகச் செருகியதில்லை. கதவைச் சாத்தும்போது கை நின்றது. தாழ்ப்பாள் வெளிப்புறம் இருந்தது.

"யாரைப் பார்க்கணும்?" என்று ஒரு குரல். சமையற்காரர் லூதர், வயசானவர், இடுப்பில் ஈரத் துணியோடு நின்றார்.

"கெண்டலோட அம்மா நான். கதவுக்கு எதுக்கு வெளிய தாப்பா?"

"கரடிக்கு. ஆளில்லாதப்போ உள்ள பூந்துடும்."

"கரடிக்கு." வெர்னா தலையை ஆட்டினாள். "ஆள் இருக்கும்போது?"

"இருக்கும்போது எதுக்கும்மா தாப்பா? ஆமா, நீங்க போன் பண்ணிட்டு வந்திருக்கணும்."

"பசங்க எங்க?"

லூதர் துணியில் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கை. "பக்கத்துப் பண்ணை நெல் ஹாகன் அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க. கன்னுக்குட்டிக்கு அடையாளச் சூடு போடறாங்க இன்னிக்கு."

"யாரோட கன்னுக்குட்டிக்கு?"

"நெல்லோடதுக்குத்தான்."

"அப்ப பள்ளிக்கூடத்துப் பசங்க அடுத்தவங்க பண்ணையில வேலை செய்யறாங்க."

"இந்த மாசம் பூரா அப்படித்தான். நேத்து வேற வீடு, முந்தாநாள் வேற. வெயில் ஏறிப்போச்சு, ஒரு வாய் காபி குடிச்சிட்டு…"

அவள் அதற்குள் ட்ரக்கில் ஏறிவிட்டாள். இந்த மாசம் பூரா என்ற சொல் காதில் இரைந்துகொண்டே வந்தது. வசூல் நடக்கிற இடம் தெரிந்துவிட்டது.

நெல் ஹாகனின் பட்டி தென்படும் முன்பே சத்தம் கேட்டது. கன்றைப் பிரித்து வைத்த பசுக்கள் வேலிக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தின. உள்ளே புழுதி, மயிர் பொசுங்கும் நாற்றம். குதிரை மேல் இருந்தவர்கள் கன்றின் பின்னங்காலில் சுருக்குக் கயிறு வீசி இழுத்து வர, தரையில் இருவர் இருவராகப் பிள்ளைகள் அதன் மேல் விழுந்து அமுக்கினார்கள். ஒருவன் சூட்டுக்கோல் வைத்தான், ஒருத்தி ஊசி போட்டாள், இன்னொருவர் கத்தியோடு குனிந்தார். ஒரு கன்றின் பின்னங்காலைப் பிடித்து மண்ணில் உட்கார்ந்திருந்தவன் கெண்டல். சட்டை முழுக்க ரத்தம்.

"கெண்டல்!" வேலியில் ஏறியே விட்டாள். "எழுந்து வாடா!"

அவன் தலையைத் திருப்பினான். "மேடம்… அம்மா! நீ எங்க இங்க?"

"எழுந்து வாடான்னா!"

"கன்னுக்குட்டியைப் பிடிச்சிருக்கேன்மா. விட்டா மூஞ்சியில உதைக்கும்."

பட்டியில் சிலர் சிரித்தார்கள். சூடு போட்டு முடியும்வரை வேலிமேல் தொங்கிக்கொண்டு நிற்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. குதிரை மேலிருந்த நெட்டையான ஆள் தொப்பியைத் தொட்டுத் தலை சாய்த்தான். க்விஸ்ட்தான். விருந்தாளியை வரவேற்கிற மாதிரி என்ன ஒரு மரியாதை! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

கெண்டல் வந்ததும் அவனை வேலியோரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ரத்தம் எங்கேருந்து வருது?"

"என்னுது இல்லம்மா. கன்னுக்குட்டியோடது. காயடிச்சாங்க இல்ல…"

அவள் குனிந்து அவன் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினாள். கெண்டைக்காலில் நீலமும் பச்சையுமாகக் கன்றிப் போயிருந்தது.

"இது யார் அடிச்சது?"

"கன்னுக்குட்டி."

"எல்லாத்துக்கும் கன்னுக்குட்டியா? அங்க கேட்டா கரடி, இங்க கேட்டா கன்னுக்குட்டி. மனுஷங்க யாரும் ஒண்ணும் பண்றதே இல்லையா இந்த ஊர்ல?"

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இதுக்கு உனக்கு எவ்வளவு குடுக்கறாங்க?"

"யாரும் யாருக்கும் குடுக்கறதில்ல. சூடு போடற அன்னிக்கு அப்படித்தான்."

"அது யார் சொல்லிக்குடுத்தது?"

"யாரும் சொல்லிக்குடுக்கல மேடம்."

அந்த மேடம் மறுபடி அவளைச் சுருக்கென்று குத்தியது. "பையை எடுத்துக்கோ. கிளம்பறோம்" என்றாள். சொன்ன பிறகுதான் நீதிபதி அம்மாவின் கண்ணாடி கண்முன் வந்தது. கெண்டல் பட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ஓடியது பயமா, பயமென்றால் யாரிடம் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதற்குள் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள். குட்டையான ஒரு கிழவி வந்து வெர்னாவின் முழங்கையைப் பிடித்தாள். "நான் நெல். உன் பையனை இழுத்துட்டுப் போறதா இருந்தாலும் தின்னுட்டு இழு. என் பட்டியில வந்து நின்னவங்க யாரும் வெறும் வயித்தோட போனதில்ல."

களஞ்சிய நிழலில் நீள மேஜைகள். சுட்ட மாட்டிறைச்சி, அவித்த பீன்ஸ், உருளைக்கிழங்கு, புளிப்பும் இனிப்புமாக ருபார்ப் தண்டுப் பணியாரம். எண்ணெயில் பொரித்த உருண்டைகளை யாரோ அவள் தட்டில் போட்டார்கள். வாயில் போட்டு மென்றாள், நன்றாகத்தான் இருந்தது. எதிரே இருந்த பள்ளிப் பையன், சியாட்டில்காரன், ப்ரெஸ்டன் என்று பெயர், "காலையில காயடிக்கறப்ப அறுத்தாங்களே மேடம், அதுதான்" என்றான். அவள் விழுங்கிவிட்டு, "இதைவிட மோசமானதெல்லாம் தின்னிருக்கேன்" என்றாள். மேஜை சிரித்தது. ஒரு நொடி அவளும் சிரிக்கப் போனாள். இப்படித்தான் மனுஷரை மயக்குகிறார்கள் என்று தோன்றியதும் உதட்டை இழுத்துக்கொண்டாள்.

"நெல் அம்மா, பசங்களுக்கு ஆளுக்கு எவ்வளவு குடுக்கறீங்க?"

முள்கரண்டிகள் நின்றன.

"எதுக்கு?" என்றாள் நெல்.

"இந்த வேலைக்கு. அவங்க கையில குடுக்கறீங்களா, க்விஸ்ட் கையில குடுக்கறீங்களா?"

"சூடு போடக் கூலி குடுத்தாள்னு என் பேர்ல ஒரு பேச்சு வந்துட்டா, நாளைக்கு என்னைப் புதைக்கக்கூட இந்தப் பள்ளத்தாக்குல ஆள் வராது பொண்ணே."

"சரி, எத்தனை மாடு வெச்சிருக்கீங்க?"

யாரோ ஒருவர் வேண்டுமென்றே இருமினார். கெண்டல் தட்டுக்குள் முகத்தை விட்டுக்கொண்டு, "அம்மா, அதை மட்டும் கேக்கக்கூடாது. பேங்க்ல எவ்வளவு வெச்சிருக்கீங்கன்னு கேட்ட மாதிரி அது" என்று முணுமுணுத்தான்.

"தெரிஞ்சுக்கத்தானே கேக்கறேன். எத்தனை கன்னுக்குட்டியை என் பிள்ளை பிடிச்சான்னு எனக்குத் தெரிய வேணாமா? காசு இல்லைன்னா அப்புறம் இதுல என்னதான் இருக்கு? சும்மா யாராவது வெயில்ல மண்ணுல புரளுவாங்களா?"

நெல்லின் முகம் சிவந்திருந்தது. ஆனாலும் வீட்டுக்காரி என்கிற பொறுப்போடு பொறுமையாகச் சொன்னாள். "இன்னிக்கு நீ என் பட்டிக்கு வந்தா, நாளைக்கு நான் உன் பட்டிக்கு வருவேன். நாளுக்கு நாள். அவ்வளவுதான் கணக்கு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து யாரும் யாருக்கும் பாக்கி வெச்சதில்ல."

"அப்ப க்விஸ்ட் பட்டிக்கு நீங்க போனீங்க."

"போகாம? அரை நாள்ல முடிஞ்சுபோச்சு. அவன்கிட்ட இருக்கறது கொஞ்சம்தானே."

"அரை நாள். என் பிள்ளைங்க… இந்தப் பசங்க உங்ககிட்ட எவ்வளவு நாள் வந்தாங்க?"

"அதைக் கேளு!" நெல்லுக்கு இதில் பெருமைதான். "பிப்ரவரிப் பனியில என் பசுங்க கன்னு போட்டப்போ ராத்திரி பூரா முழிச்சிருந்தது உன் பையன்தான். தலை திரும்பின கன்னுக்குட்டியைக் கையை விட்டு இழுத்துப் போட்டான். வேலி கட்டினாங்க, இப்ப இது. கூலி ஆளு வெச்சிருந்தா என்னிக்கோ நான் நிலத்தை வித்திருப்பேன்."

"அத்தனைக்கும் பதில் அரை நாள்தானா?"

"எதுக்கு அரை நாள்? ஹார்லன் மாடெல்லாம் கோடை முழுக்க என் மலைப் புல்லைத்தான் மேயுது. வாடகைன்னு ஒரு டாலர் நான் கேட்டதில்ல. எதுக்குக் கேக்கணும், அவன்தான் இத்தனை பசங்களைக் கூட்டிட்டு…"

நெல் பேச்சை அங்கேயே நிறுத்தினாள். கையிலிருந்த ரொட்டியை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

வெர்னா க்விஸ்டைப் பார்த்தாள். எல்லோருமே பார்த்தார்கள்.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "வெர்னா, கொஞ்சம் அந்தப் பக்கம் போய்ப் பேசலாம் வாங்க."

"நான் இங்கதான் சாப்பிட்டுட்டிருக்கேன். இங்கயே பேசுங்க. மூணு மாசமா என்கிட்ட ஏன் பாக்கி கேக்கலை?"

க்விஸ்ட் தொப்பியைக் கழற்றினான். தொப்பி மறைத்திருந்த நெற்றி வெளுத்து, சின்னப் பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது. "கெண்டல் செய்யற வேலைக்கு அது சரியாப் போச்சுன்னு என் மனசுக்குப் பட்டுது. அதான் கேக்கலை."

"மனசுக்குப் பட்டதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா எழுதணும். எழுதினா அரசாங்கத்துலேர்ந்து வந்து பூட்டுப் போட்டுடுவாங்க. பிள்ளைங்க வேலையைக் கட்டணத்துல கழிக்கக்கூடாதுன்னு சட்டம்."

"அப்ப கேக்கவும் மாட்டீங்க, கழிக்கவும் மாட்டீங்க. அவனைக் கூட்டிட்டுப் போறேன்னு நான் வந்து நின்னா அப்ப பாக்கியை எடுத்து நீட்டலாம். அது வரைக்கும் என் கழுத்துல கயிறா கிடக்கட்டும். அதானே?"

"அப்படி நினைக்கலை."

"ஒரு தடவைகூட நினைக்கலையா?"

க்விஸ்ட் தொப்பியின் விளிம்பைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். பொய் சொல்லத் தெரியாத ஆள் என்பதும், உண்மையைச் சொல்லாமலே காலம் தள்ளத் தெரிந்த ஆள் என்பதும் அவளுக்கு ஒரே நேரத்தில் விளங்கின.

"அப்ப எங்க கணக்கு சார்?" என்று ப்ரெஸ்டன் ஆரம்பித்தான்.

"உங்கப்பா வீட்டுல மூணு படகு நிக்குதுடா. வாயை மூடிட்டுத் தின்னு" என்றாள் நெல்.

வெர்னா எழுந்தாள். "கெண்டல், கிளம்பு. ஜட்ஜம்மா கிட்ட நானே சொல்லிக்கறேன். புல்லுக்குப் பிள்ளையை விக்கற இடத்துல நீ இருக்க வேண்டாம்."

"நான் வரலை."

"உன் வாயால சொல்றியா, இவங்க வாயாலயா?"

கெண்டல் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தான். தட்டு கவிழ்ந்து பீன்ஸ் சிதறியது. "என் வாயாலதான்! உனக்கு எப்பப் பாரு சந்தேகம், எதை எடுத்தாலும் சந்தேகம்! நான் நல்லா இருந்தாலும் சந்தேகம், கெட்டுப் போனாலும் சந்தேகம்! தலை திரும்பின கன்னுக்குட்டியை நான் இழுத்தேன்னு அவங்க சொன்னாங்களே, அது உன் காதுல விழுந்துச்சா? விழாது! கையை மூக்கை எல்லாம் நுழைக்காம போம்மா, சும்மா நச்சரிக்காத!"

க்விஸ்டின் முகம் வெளுத்தது. ஒன்பது மாதப் பாடம் ஒரே மூச்சில் மண்ணில் கொட்டிக் கிடந்தது. ஆனால் வெர்னாவுக்கோ அது நிம்மதியாக இருந்தது. இது அவன்தான். யாரும் எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிற பிள்ளை இப்படிக் கத்த மாட்டான். உள்ளே இருந்தது உடையவில்லை. உடைந்திருந்தால் இந்தச் சத்தம் வராது.

"விழுந்துச்சுடா" என்றாள். "உட்காரு. தரையில கிடக்கறதை அள்ளு."

அவன் மூச்சு வாங்கியபடி குனிந்து பீன்ஸை அள்ளத் தொடங்கினான்.

நெல் மேஜையை ஒரு தட்டுத் தட்டினாள். "ஹார்லன், நானும் யோசிச்சுப் பார்த்தேன், இவ சொல்றதுல தப்பில்ல. நாள் குடுத்தவனுக்குத்தான் நாள் கடன். என் பனியில நின்னது நீ இல்ல, இந்தப் பய. இவனுக்குத் தர வேண்டியதை நான் உன் மாட்டுக்குப் போட்டுட்டிருந்திருக்கேன். புத்தி கெட்ட கிழவி நான். இதை இப்பவே நேர் பண்ணு. இல்லைன்னா வர்ற மாசம் உன் மாட்டுக்கு வேற புல் பாத்துக்கோ."

புல் இல்லாமல் க்விஸ்டுக்குப் பண்ணை இல்லை. அதற்காக மட்டும்தான் அவன் இறங்கி வந்தானா, வெட்கத்துக்கும் சேர்த்தா என்று வெர்னாவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையும் விட்டுப்போயிருந்தது. அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினான். "தீர்ந்தது."

அவள் கையை நீட்டவில்லை. "எது தீர்ந்தது? தொகையைச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"எழுதித்தான் தர முடியாது."

"எழுத வேண்டாம். வாயால சொல்லுங்க. இத்தனை பேர் இருக்காங்க."

இந்தப் பள்ளத்தாக்கில் சூடு போடும் மேஜையில் சொன்னதை மாற்றிச் சொன்னவனோடு யாரும் கயிறு பிடிக்க மாட்டார்கள். க்விஸ்டுக்கு அது அவளைவிட நன்றாகத் தெரியும். சுற்றி ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"கெண்டலோட அம்மா எனக்குத் தர வேண்டிய நாலாயிரத்து எழுநூற்றுப் பதினஞ்சு டாலர் இன்னியோட தீர்ந்தது. செப்டம்பர் வரைக்கும் அவன் இங்க இருந்து முடிப்பான். பணத்தைச் சொல்லி நான் அவனை அனுப்ப மாட்டேன்."

"ஜூன் மாசத்துலேர்ந்து உள்ளதை மாசாமாசம் கேளுங்க" என்றாள் வெர்னா. "என்னால முடிஞ்சதை அனுப்பறேன். முடியலைன்னா முடியலைன்னு சொல்றேன், நீங்க கத்துங்க. கேக்காம மட்டும் இருக்காதீங்க."

"கேக்கறேன்" என்றான் க்விஸ்ட்.

அவள் ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து, பலமாக, ஒரே ஒரு தடவை குலுக்கினாள்.